காதுக்குப் பின்னால் அமரும் செவித்துணைக் கருவி: பல மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

ரிசீவர் காதுக்குழாய்க்குள் அமையும் வகையைச் சேர்ந்த ஒரு ஜோடி டிஜிட்டல் செவித்துணைக் கருவிகளைப் பல மாதங்களாக, விழித்திருக்கும் நேரமெல்லாம் அணிந்து வருகிறேன். மைக்ரோஃபோன்கள், ஒலியைக் கணக்கிடும் சில்லு, மின்கலம் ஆகியவை காதுமடலுக்குப் பின்னால் உள்ள சிறு கூட்டுக்குள் இருக்கின்றன. அதிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று காதுக்குழாய்க்குள் இறங்கி, சிலிகோன் முனை மாட்டிய சிறிய ஒலிபெருக்கியில் முடிகிறது. அந்த ஒலிபெருக்கியைத்தான் ரிசீவர் என்கிறார்கள். ஏறக்குறைய இதே அமைப்பில் பல நிறுவனங்கள் கருவிகளை விற்கின்றன. நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அவை அனைத்துக்கும் பொருந்தும் என்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். கருவியை மட்டும் எடைபோட்டு இந்த மதிப்புரையை முடிக்க இயலாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே கருவி, அதைக் காதுக்குப் பொருத்தித் தருபவரின் உழைப்பைப் பொறுத்து, பயனற்றதாகவும் இருக்கலாம், இன்றியமையாததாகவும் ஆகலாம். இரண்டையும் நான் அனுபவித்திருக்கிறேன்.

என் கேட்புக் குறைவின் தன்மையைச் சொல்லாமல் கருவியின் தரத்தைச் சொல்வதில் பொருளில்லை. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு உரத்த ஒலி கேட்கத் தொடங்குகிறது என்று காட்டும் வரைபடமான என் ஆடியோகிராமில், 250 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை இரு காதுகளும் ஏறக்குறைய இயல்பாக இருக்கின்றன. 2000 ஹெர்ட்ஸிலிருந்து கோடு சரிந்து, 4000 ஹெர்ட்ஸில் 60 டெசிபல் அளவுக்கு இறங்கி, 8000 ஹெர்ட்ஸில் சற்றே மேலேறுகிறது. 4000 ஹெர்ட்ஸை ஒட்டி விழும் இந்தப் பள்ளம், இயந்திர இரைச்சலுக்கு நடுவே நெடுங்காலம் வேலை செய்தவர்களின் காதில் காணப்படும் அடையாளம். உட்செவியிலுள்ள காக்லியாவில் ஒவ்வொரு காதுக்கும் சுமார் 12,000 வெளி மயிரிழைச் செல்களும் சுமார் 3,500 உள் மயிரிழைச் செல்களும் இருக்கின்றன. இரைச்சல், முதுமை, சில மருந்துகள் ஆகியவற்றால் அவை அழிந்துவிட்டால் மனிதரிடத்தில் மீண்டும் முளைப்பதில்லை. அவற்றை மீட்டுத் தரும் மாத்திரையோ சொட்டு மருந்தோ இன்றுவரை இல்லை என்பதனால்தான், என்னைப் போன்றவர்களுக்குச் செவித்துணைக் கருவியே முதன்மையான சிகிச்சையாக இருக்கிறது.

இந்த வகைக் குறைவு உள்ளவர்கள் எல்லோரும் ஒரே முறையீட்டைத்தான் சொல்வார்கள்: சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை. பேச்சின் வலிமையைத் தாங்கும் உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கின்றன. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகள் பலவும், குறிப்பாகச் சகரம் போன்ற உரசொலிகள், மெல்லியவையாக உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கின்றன. ஆகவே ஒருவர் பேசுகிறார் என்பது தெளிவாகத் தெரியும்போதே, அவர் சொன்னது ‘பசி’யா ‘பதி’யா ‘படி’யா என்பது தெரியாமல் போகிறது. சூழலை வைத்து ஊகித்து ஊகித்து மாலைக்குள் மனம் களைத்துவிடும். எதிரில் இருப்பவர் உரக்கக் கத்தினால் உயிரொலிகள்தான் மேலும் பெரிதாகின்றன, தெளிவு கூடுவதில்லை. நல்ல கருவி செய்ய வேண்டியது, எல்லா ஒலியையும் ஒரே அளவில் உயர்த்துவதன்று; இழந்த அதிர்வெண்களை மட்டும், இழந்த அளவுக்கு ஏற்ப, தாங்கக்கூடிய எல்லைக்குள் உயர்த்துவதாகும்.

முதலில் கருவியைப் பெற்ற மையத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே ஆடியோகிராமின் எண்களைக் கணினியில் உள்ளிட்டார்கள், நிறுவனத்தின் மென்பொருள் தானாகப் பரிந்துரைத்த தொடக்க அமைப்பை அப்படியே கருவியில் ஏற்றினார்கள், காதுக்குழாயை முழுவதும் அடைக்கும் மூடிய முனையை மாட்டினார்கள், ‘கேட்கிறதா?’ என்று கேட்டார்கள். அத்துடன் பணி முடிந்தது. விளைவு இரு வகையிலும் தவறாக இருந்தது. தாழ்ந்த அதிர்வெண்கள் எனக்கு இயல்பாகக் கேட்பதால், காதை அடைத்தவுடன் என் குரலின் அதிர்வு எலும்பு வழியே வந்து உள்ளேயே தங்கி, பானைக்குள் தலையை விட்டுப் பேசுவது போல முழங்கியது. மறுபுறம், எனக்குத் தேவையான உயர் அதிர்வெண்களுக்குப் போதிய பெருக்கம் தரப்படவில்லை. புதிய பயனர் மிரண்டுவிடக் கூடாது என்று கருதியோ என்னவோ, தொடக்க அமைப்புகள் தேவைக்குக் குறைந்த பெருக்கத்தையே தருவது வழக்கம். பிறகு யாரும் அதை உயர்த்தாவிட்டால் பயனர் அந்த நிலையிலேயே நின்றுவிடுகிறார். சகரம் வரவே இல்லை. என் குரல் மட்டும் பெரிதாயிற்று. இந்த இடத்தில்தான் பலரும் கருவியைக் கழற்றி இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, ‘எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்லிவிடுகிறார்கள் என எண்ணுகிறேன். அவர்கள் மீது குற்றமில்லை.

அதே கருவிகளுடன் நான் வேறொரு மையத்தில், கேட்புத்திறனைச் சோதித்துக் கருவி பொருத்தும் வல்லுநரான ஆடியாலஜிஸ்டிடம் சென்றேன். அவர் தொடக்கத்திலிருந்தே எல்லாவற்றையும் மீண்டும் செய்தார். காதுக்குழாயை ஒளியிட்டுப் பார்த்து, குரும்பி அடைப்போ செவிப்பறையில் ஓட்டையோ இல்லை என்பதை உறுதி செய்தார். காற்று வழியும் எலும்பு வழியும் கேட்புத்திறனை அளந்தார். சொற்களை மெல்லிய குரலில் ஒலிக்கச் செய்து, திருப்பிச் சொல்லும் திறனைச் சோதித்தார். அதன் பின் செய்ததுதான் முதன்மையானது. மயிர் போன்ற மெல்லிய குழாய் மைக்ரோஃபோன் ஒன்றைச் செவிப்பறைக்கு அருகே செலுத்தி, அதன் மேல் கருவியையும் மாட்டி, பேச்சொலியை மெல்லிய, நடுத்தர, உரத்த அளவுகளில் ஒலிக்கவிட்டு, என் காதுக்குள் உண்மையில் எவ்வளவு ஒலி வந்து சேர்கிறது என்பதைத் திரையில் வரைகோடாகக் காட்டினார். மெய்க்காது அளவீடு எனப்படும் இந்தச் சோதனை, ஒவ்வொருவரின் காதுக்குழாயும் நீளத்திலும் அகலத்திலும் வேறுபடுவதால் தேவைப்படுகிறது. மென்பொருள் சராசரிக் காதை நினைத்துக் கணக்கிடுகிறது, அணிபவரோ தமது சொந்தக் காதுடன் வாழ்கிறார். ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வகம் உருவாக்கிய என்ஏஎல்-என்எல்2 என்னும் சூத்திரம் குறித்த இலக்குக் கோட்டுக்கு வெகு கீழே என் கருவியின் கோடு கிடந்ததை நானே பார்த்தேன். 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் இடைவெளி பெரிதாக இருந்தது. அவர் மூடிய முனையை நீக்கித் துளைகளுள்ள திறந்த முனையை மாட்டினார்; பெருக்கத்தைப் படிப்படியாக இலக்கை நோக்கி உயர்த்தினார்; ரிசீவரின் ஒலி மைக்ரோஃபோனுக்குத் திரும்பிக் கீச்சொலி எழாத எல்லையையும், உரத்த ஒலி வலிக்காத எல்லையையும் தனித்தனியே சோதித்தார்.

எழுந்து நடந்தபோது என் ஆடையின் உரசல் கேட்டது. குழாயில் நீர் விழுவது கூர்மையாகக் கேட்டது, காகிதம் படபடத்தது, தட்டின் மேல் கரண்டி பட்டபோது திடுக்கிட்டேன். முதல் சில வாரங்கள் இந்த ஒலிகள் எரிச்சலூட்டவே செய்தன. நெடுநாள் கேட்காமலிருந்த ஒலிகளை எது முக்கியம், எது முக்கியமல்ல என்று பிரிக்க மூளைக்குக் காலம் வேண்டும். அந்தக் காலத்தில் கருவியை விட்டுவிட்டு அணிந்தால் பழக்கம் தள்ளிப்போகும். தினமும் தொடர்ந்து அணிந்த பின் காகிதம் காகிதமாகவே அடங்கிவிட்டது. சகரமும் தகரமும் தம் இடத்துக்கு வந்துவிட்டன. ஆக, இரண்டு மையங்களிலும் கருவி ஒன்றே. மாறியவை ஒரு சிலிகோன் முனையும், அளந்து செய்த அமைப்பும்தான்.

இனிக் கருவியின் செயல்திறன். அமைதியான அறையில், எதிரில் இரண்டு மீட்டருக்குள் அமர்ந்து பேசும் ஒருவரைக் கேட்பதில் இது மிகச் சிறப்பாக இருக்கிறது. ஊகித்துக் களைக்கும் வேலை பெருமளவு நீங்கியிருக்கிறது. தொலைபேசி அழைப்பு ப்ளூடூத் வழியாக இரு காதுகளுக்கும் நேரே வருவதால், முன்பு நான் தவிர்த்துவந்த உரையாடல்கள் இப்போது எளிதாகியுள்ளன. பலர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் நிலைமை வேறு. திசை மைக்ரோஃபோன்கள் முன்னாலிருந்து வரும் குரலை முன்னிறுத்திப் பின்புற ஒலியைத் தாழ்த்துகின்றன என்பது உண்மை, பயனும் இருக்கிறது. ஆனால் பின்னணி இரைச்சலும் மனிதப் பேச்சாகவே இருக்கும்போது, எந்தப் பேச்சை நான் கேட்க விரும்புகிறேன் என்பதை எந்தச் சில்லும் அறியாது. மேலும், திறந்த முனையின் துளைகள் வழியே வெளி இரைச்சல் நேராகவும் உள்ளே நுழைந்துவிடுவதால், இரைச்சலைக் குறைக்கும் வசதியின் ஒரு பகுதி வீணாகிறது. என் குரல் முழங்காமலிருக்க நான் கொடுக்கும் விலை அது. எனக்கு அது ஏற்புடையதே. சுவருக்கு முதுகைக் காட்டி அமர்வதும், பேசுபவரின் முகத்தில் வெளிச்சம் படும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் கருவிக்குச் சமமாக உதவுகின்றன.

எதிரொலி மிகுந்த பெரிய மண்டபத்தில், மேடையில் பேசுபவர் தொலைவில் இருந்தால், இந்தக் கருவி தனியே போதாது. தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் நேரடி ஒலி சுமார் 6 டெசிபல் குறைகிறது. எதிரொலி அவ்வாறு குறைவதில்லை. பேசுபவரின் அருகிலேயே வைக்கும் தொலை மைக்ரோஃபோன், அல்லது மேடை ஒலியைக் காந்தப்புலமாக அனுப்பும் தூண்டல் சுருள் அமைப்பு மண்டபத்தில் இருந்தால் அதைக் கருவிக்குள் வாங்கும் டெலிகாயில் என்னும் சிறு கம்பிச்சுருள், இந்தக் குறையைத் தீர்க்கும். நான் வாங்கிய மாதிரியில் டெலிகாயில் இல்லை. கருவியைச் சிறிதாக்குவதற்காக இதை நீக்கிவிடும் போக்கை நான் ஏற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாமலிருப்பதைவிடக் காதுக்குக் கேட்பது முக்கியமானது.

இசை ஒரு தனிச் சிக்கல். மெல்லிய ஒலியை மிகுதியாகவும் உரத்த ஒலியைக் குறைவாகவும் பெருக்கும் அழுத்த முறை பேச்சுக்கு மிகவும் ஏற்றது. ஆனால் இசையில் ஏற்ற இறக்கங்களே உயிர் என்பதால், அதே முறை இசையைத் தட்டையாக்கிவிடுகிறது; நீண்டு ஒலிக்கும் குழலிசையைக் கருவி கீச்சொலி என்று எண்ணி அடக்க முயல்வதையும் கேட்டிருக்கிறேன். கேட்டால் இசைக்கென்று தனி அமைப்பு ஒன்றைச் சேர்த்துத் தருவார்கள். அதன் பின் நிலைமை மேம்பட்டது, ஆனால் முழுதும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

மின்கலம் குறையின்றி ஒரு நாளைத் தாங்குகிறது. இரவில் பெட்டியில் வைத்தால் காலையில் தயாராகிவிடுகிறது. விரல்கள் நடுங்குபவர்களுக்கும் பார்வை மங்கியவர்களுக்கும் மறுமின்னேற்றம் செய்யும் வகையே நல்லது. சிறிய துத்தநாகக் காற்று மின்கலங்களை மாற்றுவது அவர்களுக்கு உண்மையான தொல்லை. ஆயினும் மின்வசதி உறுதியில்லாத இடங்களுக்கு அடிக்கடி செல்பவர்களுக்கு அந்த மின்கலங்களே பொருத்தமானவை. அவற்றில் ஒட்டியிருக்கும் தாளை உரித்த பின் ஓரிரு நிமிடம் காற்றுப் படவிட்டு மாட்டினால் நன்றாக உழைக்கும்.

இந்த வகையின் பெரிய பலவீனம், ஒலிபெருக்கி காதுக்குழாய்க்குள்ளேயே இருப்பதுதான். குரும்பியும் ஈரமும் நேரே அதன் மீது படுகின்றன. முனையிலுள்ள குரும்பி வடிகட்டி அடைபட்டால் கருவி பழுதாகிவிட்டதைப் போலவே தோன்றும். வடிகட்டியை மாற்றியதும் ஒலி திரும்பிவிடும். இதைச் செய்யக் கற்றுக்கொள்ளாமல் மையத்தை விட்டு வெளியேறாதீர்கள். தினமும் உலர்ந்த தூரிகையால் துடைப்பதும், இரவில் ஈரம் உறிஞ்சும் பெட்டியில் வைப்பதும் கட்டாயம். முனை தளர்ந்தாலோ காதில் குரும்பி சேர்ந்தாலோ கீச்சொலி எழும். அப்போது ஒலியளவைக் குறைப்பது தீர்வாகாது, காரணத்தை நீக்க வேண்டும். காதில் சீழ் வடியும் நோயுள்ளவர்களுக்கு இந்த வகையைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒலிபெருக்கியும் பின்கூட்டுக்குள்ளேயே இருக்க, குழாயும், காதின் வடிவில் வார்த்த காது அச்சும் கொண்ட பழைய வடிவமே அவர்களுக்குப் பாதுகாப்பானது.

விளம்பரங்களில் வரும் ஒரு வாக்குறுதியைப் பற்றி எழுதியாக வேண்டும். செவித்துணைக் கருவி அணிந்தால் மறதிநோய் வராது என்று சில விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். நடுவயதிலும் அதற்குப் பின்னும் வரும் கேட்புக் குறைவு மறதிநோய்க்கான ஆபத்துக் காரணிகளுள் ஒன்று என்பது ஏற்கப்பட்ட செய்தி. ஆனால் 2023ஆம் ஆண்டு வெளியான அச்சீவ் ஆய்வு, 70 முதல் 84 வயது வரையிலான சுமார் ஆயிரம் பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தபோது, அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் கருவி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே அறிவாற்றல் சரிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆபத்து மிகுந்திருந்த ஒரு பிரிவினரிடம் மட்டும், கருவி பெற்றவர்களின் சரிவு 48 சதவீதம் மெதுவாயிற்று. இது நம்பிக்கை தரும் முடிவுதான். எனினும் அதை எல்லோருக்குமான உத்தரவாதமாக விற்பது நேர்மையன்று. மனிதர்களுடன் பேசிப் பழக முடிகிறது என்பதே இந்தக் கருவியை அணியப் போதுமான காரணம்.

காதிரைச்சல் எனக்கு உண்டு. அணிந்திருக்கும்போது சுற்றுப்புற ஒலிகள் நிறைந்து அது பின்வாங்குகிறது, கழற்றினால் திரும்புகிறது. எல்லோருக்கும் இவ்வாறே நடக்கும் என்று சொல்ல முடியாது.

கருவி இழந்ததைத் திருப்பித் தருவதில்லை, எஞ்சியிருப்பதைக் காப்பதும் இல்லை. திறந்த முனை அணிந்த காது, இரைச்சலுக்கு முன் பாதுகாப்பற்ற காதுதான்; வேலையிடத்தில் இதைக் கழற்றிவிட்டு, காது முழுவதையும் மூடும் பாதுகாப்புக் கவசத்தையே நான் அணிகிறேன். 85 டெசிபல் இரைச்சலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை. இரைச்சல் 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் அந்த நேரம் பாதியாகிறது: 88இல் நான்கு மணி, 91இல் இரண்டு மணி, 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். காதுக்குள் செருகிப் பாட்டுக் கேட்கும் இளைஞர்களுக்கு உலக சுகாதார அமைப்பு சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். குழந்தைகளிடம் காணப்படும் கேட்புக் குறைவில் சுமார் 60 சதவீதம் தடுக்கக்கூடிய காரணங்களால் வருவது என்றும் அதே அமைப்பு கூறுகிறது. ருபெல்லா, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, மூளைக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளும், காதில் சீழ் வந்தால் உடனே செய்யும் சிகிச்சையும் எந்தக் கருவியும் செய்ய முடியாததைச் செய்கின்றன. ஜென்டமைசின், சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள் தவிர்க்க முடியாமல் தரப்படும்போது, இடையிடையே கேட்புச் சோதனை செய்யும்படி மருத்துவரிடம் கேட்பது நோயாளியின் உரிமை.

யார் இந்தக் கருவியை உடனே வாங்கக் கூடாது என்பதையும் சொல்கிறேன். திடீரென்று, ஒரே நாளிலோ இரண்டு மூன்று நாட்களுக்குள்ளோ, ஒரு காது கேட்காமல் போனால் அது அவசர நிலை. ஸ்டீராய்டு சிகிச்சை முதல் நாட்களிலேயே தொடங்கப்பட்டால்தான் மீட்சிக்கு நல்ல வாய்ப்பு உண்டு. அந்த நாட்களைக் கருவிக் கடையில் கழிக்கக் கூடாது. ஒரு காதில் மட்டும் குறைவு, ஒரு காதில் மட்டும் இரைச்சல், தலைச்சுற்றல், சீழ், வலி ஆகியவை இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரின் பரிசோதனை முதலில் வர வேண்டும். செவி நரம்பில் கட்டி இல்லை என்று உறுதி செய்யவும் வேண்டியிருக்கலாம். குரும்பி அடைப்பு, நடுச்செவியில் நீர், செவிப்பறை ஓட்டை, அங்கவடி எலும்பு இறுகிப்போதல் போன்றவற்றில் பலவற்றை மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ சரிசெய்ய முடியும். மிகக் கடுமையான குறைவு உள்ளவர்களுக்கு, எவ்வளவு பெருக்கினாலும் சொல் தெளியாத நிலையில், செவி நரம்பை நேரே மின்துடிப்பால் தூண்டும்படி அறுவை சிகிச்சையால் பொருத்தும் காக்லியா உள்வைப்பைப் பற்றி ஆலோசிப்பதே முறை. இந்த மெல்லிய கருவி அவர்களுக்குப் போதாது. பிறவியிலேயே குறைவுள்ள குழந்தைகளுக்கு ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் நோயறிதல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது நெறி. மொழி உருவாகும் பருவம் காத்திருப்பதில்லை.

மிதமான, உயர் அதிர்வெண் சார்ந்த குறைவுள்ள பெரியவர்களுக்கு இந்த வகைக் கருவியைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். என் கணக்கில் இதற்கு ஐந்தில் நான்கு மதிப்பெண். டெலிகாயில் இல்லாததற்கும் குரும்பியால் எளிதில் அடைபடுவதற்கும் ஒன்றைக் குறைத்திருக்கிறேன். முதல் மையத்தின் சேவைக்கு ஒன்று, இரண்டாவதற்கு ஐந்து. வாங்குவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: மெய்க்காது அளவீடு செய்யும் வசதி இருக்கிறதா, பயன்படுத்திப் பார்த்துத் திருப்பித் தரும் காலம் எழுத்தில் உண்டா, பழகும் வாரங்களில் மீண்டும் மீண்டும் வந்து அமைப்பைத் திருத்திக்கொள்ள முடியுமா. ஆடியோகிராமின் நகலையும், இலக்குக் கோட்டுடன் உங்கள் கருவியின் கோட்டைக் காட்டும் அச்சுப் பிரதியையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னாளில் வேறு எவரிடம் சென்றாலும் அவர் அங்கிருந்து தொடங்க முடியும்.